வெள்ளையடிப்பதற்கு முன்

எங்கள் அப்பத்தாவின் அடுப்படியில், கதவைத் திறந்தால் மறைந்துபோகும் ஒரு முழ அகலச் சுவர் உண்டு. புகையேறிக் கறுத்த அந்தச் சுவரில், சுண்ணாம்பை விரலில் தொட்டு வைத்த புள்ளிகள் இரண்டு வரிசையாக இருக்கும். பால் கணக்கு. பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தாலும் அந்த ஒரு முழத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வாள். அவள் இறந்த பதினான்காம் நாள், காரியத்துக்கு ஊர்ச்சனம் வருமே, வீடு இப்படியா கிடப்பது என்று சித்தப்பா ஆள் விட்டு வெள்ளையடித்தார். மதியத்துக்குள் அடுப்படி பளிச்சென்று ஆகிவிட்டது. சாயங்காலம் அங்கே போய் நின்ற பெரிய அத்தை, "அடப் பாவிகளா" என்று மட்டும் சொன்னார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நினைவு மலர் போட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் வருஷத் திதி நெருங்கும்போதுதான் பேனாவைத் தேடுகிறார்கள். அதற்குள் சுவருக்கு வெள்ளையடித்திருப்பார்கள், பெட்டியைக் காலி செய்திருப்பார்கள், சொந்தக்காரர்கள் அவரவர் ஊருக்குப் போயிருப்பார்கள். எழுதுவதற்கு ஒரு வருஷம்கூட எடுத்துக்கொள்ளலாம். சேகரிப்பதற்குக் கிடைப்பது பதினாறு நாள்தான். சில வீடுகளில் அது பத்து, சில வீடுகளில் பதின்மூன்று. கிறிஸ்தவ வீடுகளில் முப்பதாம் நாள் பூசைக்கும், இஸ்லாமிய வீடுகளில் நாற்பதாம் நாளுக்கும் கூடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. எந்த எண்ணாக இருந்தாலும், அந்த நாட்களில் கூடிய கூட்டம் மறுபடி அதே வீட்டில் அப்படியே கூடப்போவதில்லை. அந்த நாட்களில் செய்யவேண்டியவற்றையே இந்த அத்தியாயம் அதிகம் பேசுகிறது. அச்சடிப்பது பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

வீட்டைப் படம் பிடியுங்கள்

துக்க வீட்டில் கேமராவோடு அலைவது அழகில்லைதான். மூன்றாம் நாள் பால் தெளித்து முடிந்த பிறகு, வீடு சற்று அடங்கும் மதிய நேரம் ஒன்று வரும். அப்போது போனை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். ஆளைப் படம் பிடிக்க வேண்டாம், பொருளைப் பிடியுங்கள். படுத்திருந்த கட்டில், அதன் கீழே கிடந்த செருப்பு, தலைமாட்டில் இருந்த தைலக் குப்பி, கைக்கெட்டும் உயரத்தில் அடித்த ஆணி, அதில் தொங்கிய பை. பாய், தலையணை, கடைசியாக உடுத்திய துணி இவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல குடும்பங்களின் வழக்கம். அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

அலமாரிக் கதவின் உள்பக்கத்தை மறக்காதீர்கள். நம் வீடுகளில் அது ஒரு கல்வெட்டு. கரண்ட் ஆபீஸ் நம்பர், பேரன் பிறந்த நேரம், யாரோ வாங்கிய ஐயாயிரம், எல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். மாதக் காலண்டரும் அப்படியே: சிலிண்டர் வந்த நாள், சர்க்கரை அளவு பார்த்த நாள். பழைய காலண்டர்கள் பரணில் சுருட்டிக் கிடந்தால் ஒரு மனிதரின் பத்து வருஷம் உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறந்தவரின் கைப்பேசியை உடனே அழித்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கேம் விளையாடக் கொடுத்துவிடுகிறார்கள். இது வெள்ளையடித்ததைவிடப் பெரிய தப்பு. யாரை எந்தப் பெயரில் பதிந்து வைத்திருந்தார் என்பதே ஒரு சரித்திரம். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் அப்பாவின் போனில், தன் எண் "பெரியவன் – அவசரம்" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகளை அவரவர் போனிலிருந்து எடுத்து ஒரே இடத்தில் சேருங்கள். ரீசார்ஜையும் சில மாதம் நிறுத்தாதீர்கள். விட்டால் எண் வேறு யாருக்காவது போய்விடும். வங்கிக்கும் பென்ஷனுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பது தனிக் கதை.

யாரிடம் உட்கார்வது, எதைக் கேட்பது

அப்பத்தாவின் கொழுந்தனார், எங்களுக்குச் சின்னத்தாத்தா. அப்பத்தா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவருக்கு நாலு வயசு. ஆறாம் நாள் ராத்திரி திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அப்பத்தா எப்படித் தாத்தா, எந்த மாதிரி ஆளு?"

"மதினியா? தங்கம்ப்பா. ஒருத்தர் மனசு நோக ஒரு சொல்லு சொன்னதில்ல."

இது சுத்தப் பொய். அப்பத்தாவின் வாய்க்குப் பயந்து தபால்காரர் எதிர்த் திண்ணையில் நின்றுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் தாத்தா பேரில் குற்றமில்லை, என் கேள்வி அப்படி. "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எவரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இருப்பதைத்தான் சொல்வார்கள். மறுநாள் வேறு மாதிரி கேட்டேன்.

"அப்பத்தா காச எங்க தாத்தா வச்சிருக்கும்?"

"காசா? அடுப்புக்கு மேக்கால ஒரு பொந்து இருக்கும்ல, உப்புச் சட்டிக்குப் பின்னாடி. அதுக்குள்ள சுருக்குப் பை. ஒரு நா அதுலருந்து நாலணாவ எடுத்துக்கிட்டு டூரிங் டாக்கீஸுக்கு ஓடிட்டேன், நாடோடி மன்னன் பாக்க. திரும்பி வந்தா மதினி ஒண்ணும் கேக்கல. சோத்தப் போட்டுச்சு. சாப்புட்டு கை கழுவுறப்ப, 'படம் எப்படிடா, குடுத்த காசுக்குத் தேறுமா?'ன்னுச்சு. அதோட சரி. அதுக்கப்புறம் அந்தப் பொந்துல நான் கைய வச்சதே இல்ல."

குணத்தைக் கேட்காதீர்கள், இடத்தையும் பொருளையும் கேளுங்கள். காசை எங்கே வைப்பார், எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பார், பஸ்ஸில் எந்த இருக்கை, டீயில் சீனி எத்தனை கரண்டி, யாரைக் கண்டால் எழுந்து நிற்பார், எந்தப் பலகாரத்தைச் செய்யத் தெரியாமல் கடைசிவரை கெடுத்தார். குணம் பின்னாலேயே தானாக வந்து நிற்கும்.

பேச்சு கிடைக்கும் இடங்கள் நீங்கள் நினைக்கும் இடங்கள் அல்ல. நடு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் மரியாதைதான் கிடைக்கும். ராத்திரி பந்தலில் சீட்டாடுகிறார்களே, அங்கே போய் உட்காருங்கள். ஆட்டத்துக்கு நடுவே ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் "அது அப்படி இல்லப்பா" என்பார். அந்த "அப்படி இல்லப்பா"தான் நமக்கு வேண்டியது. காய்கறி நறுக்கும் இடத்திலும் அப்படித்தான்.

ஒப்பாரியைக் காது கொடுத்துக் கேளுங்கள். கூலிக்கு அழைத்து வந்தவர்களின் பாட்டைச் சொல்லவில்லை. கூடப்பிறந்தவள், நாத்தனார், ஒரே வயசுத் தோழி இவர்கள் வாசலில் காலை வைக்கும்போதே எடுக்கிற ஒப்பாரி. பிறந்த வீட்டில் என்ன சீர் வந்தது, எது வராமல் போனது, எந்தப் பிள்ளை பிறந்து தங்கவில்லை, யார் எந்த நேரத்தில் கைவிட்டார்கள் என்று அதில் வாழ்க்கை வரிசையாக வரும். எங்கள் வீட்டில் அப்பத்தாவின் தங்கை அழுத அழுகையில்தான் எங்கள் அப்பாவுக்கு மேலே ஒரு பெண் குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் போனது பேரப்பிள்ளைகளான எங்களுக்குத் தெரிந்தது. அழுகிறவர் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். காதில் விழுந்ததை அன்றைக்கு ராத்திரியே எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழித்துப் போய், "அன்னைக்குச் சொன்னீங்களே சின்னப்பத்தா" என்று கேட்டால் சொல்வார்.

துணையை இழந்தவர் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். எல்லாம் தெரிந்தவர் அவர்தான், அவரைத்தான் ஒருவரும் கேட்பதில்லை. காரியம் முடிந்து கூட்டம் கலையும்வரை விடுங்கள். பிறகும் கேள்வி கேட்க வேண்டாம். டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு சேலையையோ வேட்டியையோ எடுத்து மடியில் வைத்து, "இது எப்ப எடுத்தது?" என்று ஆரம்பியுங்கள். பேசினால் பேசட்டும். பேசாவிட்டால் துணியை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் வேறொன்றை எடுங்கள்.

குரலைப் பதிவு செய்வதானால், மின்விசிறியை அணையுங்கள். காற்றை நாம் கேட்பதில்லை, போன் கேட்கும். குக்கர் அடுப்பில் இருந்தால் இறக்கும்வரை பொறுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல் பேசுகிறவருக்கு ஒரு முழத் தூரத்தில் வைத்துவிட்டு, முதலில் நீங்கள் தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், உறவு நான்கையும் சொல்லுங்கள். அன்று ராத்திரியே இன்னொரு இடத்தில் ஒரு நகல். ஒரே போனில் இருப்பது இல்லாததற்குச் சமம்.

வருஷத்தைப் பிடிப்பது

நம் பெரியவர்களின் வாழ்க்கையை எழுத வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் பிறந்த தேதி. ஆதாரில் அப்பத்தாவின் பிறந்த நாள் 01.01.1940. ஆதார் எடுக்க வந்தவர் வயசு கேட்டார், யாரோ குத்துமதிப்பாகச் சொன்னார்கள், கம்ப்யூட்டர் ஜனவரி ஒன்றைப் போட்டுக்கொண்டது. ஊரில் பாதிப் பெரியவர்கள் ஒரே நாளில்தான் பிறந்திருக்கிறார்கள்.

பள்ளிச் சான்றிதழையும் அப்படியே நம்பாதீர்கள். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், அதற்குள் வயது நிரம்ப வேண்டும் என்பதற்காக வாத்தியாரே மே மாதத்தில் ஒரு தேதி போட்டுக் கொடுத்தார். பிறப்பு இறப்பைப் பதிவு செய்வதற்கான இப்போதைய சட்டமே 1969-ல்தான் வந்தது. அதற்கு முன் கிராமத்தில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்று கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஜாதக நோட்டு இருந்தால் அதுதான் உறுதி. ஆனால் அதில் இருப்பது தமிழ் வருஷம். அறுபது வருஷச் சக்கரத்தில் முதலாவதான பிரபவ, 1927-லும் 1987-லும் சித்திரை பிறந்தபோது தொடங்கியது. அங்கிருந்து விரல் விட்டு எண்ணிக்கொள்ளலாம். அப்பத்தாவின் ஜாதகத்தில் "பவ வருஷம் மாசி மாதம்" என்று இருந்தது. பவ எட்டாவது வருஷம், ஆக 1934. நான் நேரே 1934 என்று எழுதிவிட்டேன். தப்பு. தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் தொடங்கி அடுத்த ஏப்ரல் நடுவில் முடிகிறது. மார்கழியின் பின்பாதி, தை, மாசி, பங்குனி எல்லாம் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். அவள் பிறந்தது 1935 பிப்ரவரியிலோ மார்ச்சிலோ. ஆதாருக்கு ஐந்து வருஷம் மூத்தவள்.

ஜாதகமும் இல்லையென்றால், ஊரறிந்த சம்பவங்களில் கட்டிப்போடுங்கள். "எந்த வருஷம் கல்யாணம்?" என்றால் தெரியாது. "தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றால் யோசிக்காமல் பதில் வரும். அது 1964 டிசம்பர். தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் 1952 நவம்பர் புயல். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, இந்திரா காந்தி 1984 அக்டோபர், எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர். சத்துணவு 1982. "பக்கத்து வீட்டுப் பையன் சத்துணவுல சாப்புட்டானா, அதுக்கு முந்துன செட்டா?" என்று கேட்டால் ஒரு தெருவின் வயசே தெரிந்துவிடும்.

இதிலும் பொறி உண்டு. சின்னத்தாத்தா "நாலணா" எடுத்தார். தசம நாணயம், அதாவது நயா பைசா, 1957 ஏப்ரலில் வந்தது. அப்படியானால் இது அதற்கு முன்பா? நாடோடி மன்னன் வெளியானது 1958 ஆகஸ்டில். இரண்டும் இடிக்கிறது. விஷயம் என்னவென்றால் அணா ஒழிந்த பிறகும் இருபத்தைந்து பைசாவை நாம் நாலணா என்றே சொல்லிக்கொண்டிருந்தோம், 2011-ல் அந்தக் காசு செல்லாமல் போகும்வரை. படமும் ரிலீசான அன்றைக்கே எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்திருக்காது. மதுரையில் ஓடி, சிவகங்கையில் ஓடி, பெட்டி தேய்ந்து டூரிங் டாக்கீஸுக்கு வர ஒன்றிரண்டு வருஷம் ஆகும். ஆக, 1959 அல்லது 60. தாத்தாவுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது. பொருந்துகிறது. பொருந்தாமல் இடிக்கும்போது, இடிப்பதை அப்படியே எழுதிவிடுங்கள். மழுப்ப வேண்டாம்.

பத்திரங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மாவட்டப் பெயரைக் கண்டு குழம்பாதீர்கள். எங்கள் ஊர் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம். பழைய பத்திரத்தில் அப்படித்தான் இருக்கும். பத்திரங்களில் நான்கு எல்லை எழுதியிருப்பார்கள், "இன்னாருடைய புஞ்சைக்குக் கிழக்கு" என்று. நிலத்துக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்து மனிதர்களுக்கும் அது பட்டியல்.

படங்களும் கடிதங்களும்

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியைத் துடைத்து, வெயில் நேரடியாகப் படாத வாசல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்து வைத்துப் படம் பிடியுங்கள். சந்தனம் குங்குமம் வைக்கும்போது கண்ணாடியின்மேல்தான் வைக்க வேண்டும், பல வீடுகளில் படத்தின்மேலேயே வைத்து நெற்றி கரைந்திருக்கிறது. பசைத்தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் ஆல்பங்கள் எண்பதுகளில் எல்லார் வீட்டிலும் வந்தன. அந்தப் பசை படத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. எளிதில் வருபவற்றை மெல்ல எடுத்துவிடுங்கள், வராதவற்றைப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேன் 600 டி.பி.ஐ. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது சுருக்கிவிடும். பின்பக்கத்தில் எழுதப் பேனா வேண்டாம், மெல்லிய பென்சில். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் ஒரு படம் எடுங்கள். எந்த ஊருக்குப் போய் எடுத்தார்கள் என்பது தெரியும்.

படத்தில் ஆளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். என் சித்தப்பா மகனுக்கு 1983-ல் காது குத்தினார்கள். அந்தப் படத்தில் பிள்ளை அலறுகிறான், மாமன் மடியில் இருக்கிறான், இடது ஓரத்தில் அடுப்படிக் கதவு பாதி சாத்தியிருக்கிறது. கதவுக்கு அப்பால், ஒரு விரல் அகலத்துக்கு, அந்தச் சுவர். பெரிதாக்கிப் பார்த்தோம். மேல் வரிசைப் புள்ளிகள் நெருக்கமாக, எண்ண முடியாதபடி இருந்தன. கீழ் வரிசை அங்கொன்றும் இங்கொன்றுமாக. தெரிந்த அளவுக்கு நாற்பத்தொன்று. அழிந்துபோனது என்று நினைத்த சுவரில் கொஞ்சம் இப்படித்தான் திரும்பக் கிடைத்தது.

இன்லண்ட் லெட்டரை எல்லா மடிப்பிலும் படம் எடுக்க வேண்டும். ஓரத்து மடிப்பில், இடமில்லாமல் நெருக்கி எழுதியதில்தான் உண்மையான சேதி இருக்கும். தபால் முத்திரையில் தேதி தெளிவாக இல்லாவிட்டால் ஊராவது தெரியும். கல்யாண அழைப்பிதழ்களையும் எடைக்குப் போடாதீர்கள். சிவகங்கைச் சீமையிலேயே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று பிறர் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமே எழுந்தது. அழைப்பிதழில் யார் பெயர் பெரிய எழுத்தில், யார் பெயர் விடுபட்டது என்று பார்த்தால் அந்த வருஷத்துச் சண்டை சச்சரவு முழுக்கத் தெரியும்.

எழுதும்போது

யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு, இறந்தவரின் வாழ்க்கையை அச்சிட்டுக் கொடுப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "கல்வெட்டு". வம்சாவளி இருக்கும், உறவினர் ஒவ்வொருவரும் புலம்புவதுபோல் பாட்டு இருக்கும், இறந்த மாதத்தையும் பட்சத்தையும் திதியையும் சொல்லும் வெண்பா ஒன்று கட்டாயம் இருக்கும். அடுத்த வருஷம் திதி கொடுக்க நாள் தேட வேண்டியதில்லை, வெண்பாவைப் படித்தால் போதும். இப்படிப்பட்ட மலர்களை நூலகம் என்ற இணைய நூலகம் தனி வகையாகவே சேர்த்து வருகிறது. இடம்பெயர்ந்து போன பல குடும்பங்களுக்கு ஊரையும் உறவையும் நிலைநாட்ட அவைதான் மிச்சம். முப்பது நாளில் அச்சேற்றிவிடும் அந்த வேகம் நமக்கு வராது, பழக்கமில்லை. ஆனால் திதியை எழுதிவைப்பதையும் வம்சாவளியையும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வம்சாவளி எழுதும்போது ஆண்கள் பெயர் ஏழு தலைமுறைக்கு வரும், பெண்கள் "மனைவி" என்ற ஒரே சொல்லில் நிற்பார்கள். உங்கள் அம்மாவைப் பெற்ற அம்மாவின் அம்மா பெயர் என்ன? உடனே சொல்ல முடியாதவர்கள்தான் நம்மில் அதிகம். பெண்களுக்குப் பெயர், பிறந்த ஊர், கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல் மூன்றையும் பிடிவாதமாக எழுதுங்கள். ஊர் தெரியாவிட்டால் பெட்டியைக் காலியாக விடுங்கள். காலிப் பெட்டியைப் பார்த்தால் யாராவது ஒருவர் நிரப்பிவிடுவார்.

எங்கே தொடங்குவது என்று திணறினால் ஊரிலிருந்து தொடங்குங்கள். எண்பத்தைந்தை நெருங்கும் வயதில், 1940-ல், உ.வே.சாமிநாதையர் ஆனந்த விகடனில் தன் சரித்திரத்தை எழுத ஆரம்பித்தபோது முதல் அத்தியாயத்தைத் தன் ஊருக்குத்தான் கொடுத்தார். 1942-ல் அவர் மறைந்தபோது அது முடியவில்லை. முடியாமலே நிலைத்துவிட்டது. முடிக்க முடியாது என்ற பயத்தில் தொடங்காமல் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். அன்பின் உருவம், பாசத்தின் சிகரம், எளிமை, பண்பு, பரோபகாரம் எல்லாவற்றையும் அடியுங்கள். அடித்த பிறகு பக்கத்தில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் அவர். ஒன்றும் மிஞ்சாவிட்டால் மறுபடி சின்னத்தாத்தாவிடம் போக வேண்டும். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. மாடுகளை மீட்கப் போய் இறந்த ஒரு வீரனுக்கு எடுத்தது. சில வரிதான். அந்தச் சில வரிக்குள், அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் நின்றதையும், அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாயின் உருவமும் கல்லில் இருக்கிறது. உளி பிடித்துக் கல்லில் எழுதும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் பாடு. அப்படியிருந்தும் நாயின் பெயரை விடவில்லை. நமக்கு டைப் அடிப்பதுதான் வேலை, பரோபகாரத்தைப் போட்டுவிட்டு நாயை விட்டுவிடுகிறோம்.

சண்டைகளை என்ன செய்வது? அப்பத்தாவும் அவள் தங்கையும் பதினோரு வருஷம் பேசவில்லை. இதை எழுதலாமா என்று வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. என் தீர்ப்பு இது: பேசாமல் இருந்ததை எழுதுங்கள், அவர்கள் வாழ்க்கையில் அது பெரிய துண்டு. காரணம் இன்றும் உயிரோடிருக்கிற யாரையாவது சுடும் என்றால் காரணத்தை விடுங்கள். நிலத் தகராறு, உயில், யார் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டார்கள் என்ற கணக்கு, இவை எதுவும் மலரில் வேண்டாம். மலர் வக்கீல் நோட்டீஸ் இல்லை. மகள்கள் சொல்வதோடு மருமகள்கள் சொல்வதையும் கேளுங்கள். மருமகள்களுக்குத் தெரிந்த மாமியாரை மகள்களுக்குத் தெரியாது.

அச்சு

பக்கங்கள் பதினாறின் மடங்காக இருந்தால் அச்சகத்தில் காகிதம் வீணாகாது. முப்பத்திரண்டு பக்கம் தாராளம். எழுத்து பதினான்கு புள்ளிக்குக் குறைய வேண்டாம், படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் கண் புரை ஆபரேஷன் செய்தவர்கள். வழவழப்புத் தாள் படங்களுக்கு மட்டும் போதும். எழுத்து வரும் பக்கங்கள் சாதாரண மேப்லித்தோ தாளில் இருந்தால் கண்ணைக் கூசாது, பென்சிலிலும் எழுதலாம். புரூஃபை, வீட்டில் மிகவும் குறை சொல்கிற ஆளிடம் கொடுங்கள். கடைசி நான்கு பக்கத்தைக் காலியாக விட்டு, மேலே "திருத்தம்" என்று மட்டும் போடுங்கள்.

முதல் திதிக்கு எங்கள் மலர் வந்தது. சாப்பாடு முடிந்து ஆளுக்கொரு பிரதியோடு ஒரு பென்சிலும் கொடுத்தோம். சின்னத்தாத்தா தன் பொந்துக் கதையைப் படித்துவிட்டு, தான் எடுத்தது நாலணா இல்லை, எட்டணா என்று இப்போது ஒப்புக்கொண்டார். பெரிய அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். காது குத்துப் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் போட்டு, கீழே நான் எழுதியிருந்தேன்: மேல் வரிசை காசுக்கு ஊற்றிய பால், கீழ் வரிசை கடனுக்கு ஊற்றிய பால். அத்தை அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"கீழ இருக்கது பால் கணக்கு இல்லடா."

"பின்ன?"

"எழுபத்தொண்ணுல கடையத் தொறந்து விட்டாங்கள்ல, அதுலருந்து வச்சது. உங்க தாத்தா குடிச்சிட்டு வந்த நாளு."

அடுத்த முறை அச்சடிக்கும்போது இதைப் போடலாமா என்று கேட்டேன். அத்தை வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"போடு. ஆனா நாஞ் சொன்னேன்னு போட்டுறாத."